அழுதாவது கற்றுக்கொள்ளுங்கள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. உன் நம்பரை நேற்றே பிளாக் செய்துவிட்டேன். நீ ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுவாய் என்று தெரியும், அதையும் சேர்த்தே செய்தேன். போனில் உன்னோடு சண்டை போட்டு நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. நான் ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் நீ ஒரு பிரசங்கமே முடித்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் தபால்.

என் டிரைவிங் ஸ்கூலுக்கு நேர் எதிரே, மரக்கடை இருந்த இடத்தில், ஓட்டக் கற்றுத் தருகிற அந்தப் பச்சைக் கார் கம்பெனி கிளை திறந்திருக்கிறது. ஊர் ஊராகத் திறக்கிறார்கள், இங்கேயும் ஒருநாள் வருவார்கள் என்று தெரிந்ததுதான். வரட்டும், ரோடு என்ன நம் அப்பா வீட்டுச் சொத்தா? ஆனால் நேற்றுக் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், கட்டிடத்தின் உயரத்துக்கு ஒரு போர்டு. பச்சைக் காரில் ஒரு பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். கீழே, 'அழாமல் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.'

இந்த ஊரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஆளை அழவைக்கிறவள் ஒருத்திதான். அது யார் என்று பேப்பர் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். முதல் வகுப்புக்கு வந்த பெண் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். உன் அத்தான் ஆயில் மாற்றுகிற சாக்கில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர் வெளியே வரவே இல்லை. சிரிப்பை மறைக்கிறாராம். கட்டிய மனைவியின் மானம் கப்பலேறுகிறது, இவருக்கு ஆயில்.

அதையும் பொறுத்திருப்பேன். போர்டின் மூலையில் பொடி எழுத்தில் உன் விளம்பரக் கம்பெனி பெயர் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்தேன். பச்சைக் கார்க்காரன் எனக்கு யாரோ. நீ என் கூடப் பிறந்தவள்.

ஒன்றுதான் கேட்கிறேன். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா?

பெரியவள்

&nbsp;

மார்ச் 9

அக்கா,

தெரிந்துதான் செய்தேன். சுற்றி வளைக்கப் போவதில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், அப்புறம் ஆசை தீரச் சபித்துக்கொள். பச்சைக் கார்க்காரர்கள் எந்த ஊரில் கிளை திறந்தாலும், அந்த ஊர் டிரைவிங் ஸ்கூல்களைப் பற்றி மக்கள் நெட்டில் எழுதிய ரிவ்யூக்களை நாங்கள் உட்கார்ந்து படிப்போம். பாராட்டைத் தொடவே மாட்டோம். பாராட்டு எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். புகாரைத்தான் படிப்போம். எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் விளம்பரத்துக்குத் தலைப்பு கிடைத்துவிடும். என் தொழிலே இவ்வளவுதான். ஒரு ஊரில் 'போனே எடுக்க மாட்டார்கள்', இன்னொரு ஊரில் 'காரில் ஏசி கிடையாது.' நம் ஊர் வந்ததும் என் டிசைனர் பெண் சத்தமாகப் படித்தாள். 'மேடம் நல்லா சொல்லித் தராங்க, ஆனா அழ வச்சிடுறாங்க.' 'முதல் நாளே அழுதேன்.' 'நான் அழல, என் வீட்டுக்காரர் அழுதார்.' அந்த மேடம் என் அக்கா என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "இதுதான் தலைப்பு, எழுதிக்கோ" என்று நான்தான் சொன்னேன். நல்ல வரி அக்கா. நீயே மனசாட்சியோடு சொல், நல்ல வரியா இல்லையா?

அந்த வரியை உனக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து, உன் ஸ்கூலுக்கு விளம்பரம் செய்து தருகிறேன் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. "என் வேலை பேசும், உன் படமெல்லாம் எனக்கு வேணாம்" என்பாய். அதோடு விட்டாயா? சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில், "சின்னவ என்ன பண்றா?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "என்னத்த பண்றா, போனை நோண்டிக்கிட்டு இருக்கா" என்றாய். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆமாம், போனை நோண்டித்தான் வந்தேன். ஹாஸ்டலில் மாடிப்படியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித் தாண்டிப் போக, அந்தப் படியிலேயே உட்கார்ந்து, விரிசல் விட்ட போனில் இலவச வீடியோக்களைப் பார்த்து விளம்பரம் போடக் கற்றேன். என்னை நம்பி வந்த முதல் ஆள் ஒரு குழந்தை உடைக் கடைக்காரர். இளம் அம்மாக்களுக்குக் காட்டு என்றார். வயதைக் குறிக்கிற இடத்தில் நான் மாற்றி அமுக்கி, விளம்பரம் அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் போய்விட்டது. போச்சு, பிழைப்பு ஆரம்பிக்கும் முன்னாலேயே முடிந்தது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணுன? கடையில நிக்க எடமில்ல!" பெற்றவர்கள் இன்னும் ரெண்டு மாதத்தில் சின்னதாகிவிடுமே என்று யோசிப்பார்கள். தாத்தா பாட்டி யோசிப்பார்களா, அள்ளிக்கொண்டு போனார்கள். வாங்குகிறவர் யார், உடுத்துகிறவர் யார் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. அந்தத் தப்பு சொல்லித் தந்தது.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்தவளுக்கு இன்று மரச்சாமான் ஷோரூமுக்கு மேலே ஒரு மாடி முழுக்க ஆபீஸ் இருக்கிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நீயும்தான்.

போர்டை எடுக்க மாட்டேன். மூலையில் என் கம்பெனி பெயர் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாயே, அதற்கு மட்டும் நன்றி. இத்தனை வருஷத்தில் என் வேலையை நீ கிட்டே போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தங்கை

&nbsp;

மார்ச் 15

சின்னவளே,

நல்ல வரிதான். ஆனால் கத்தி நல்ல கத்தியா என்று குத்துப்பட்டவளிடம் போய்க் கேட்கிறாயே, உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.

நான் ஏன் திட்டுகிறேன் என்று உன் ரிவ்யூவில் யாராவது எழுதியிருந்தார்களா? எதிரே லாரி வந்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்கிற ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் தாலாட்டா பாட முடியும்? நாளைக்கு அவள் பின்சீட்டில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு தனியாக ஓட்டப்போகிறவள். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ரோட்டில் அழுதால் யார் துடைப்பது? எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரும் கிடையாது. பொம்பளை கார் ஓட்டச் சொல்லித் தருவதா என்று இதே ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நீ மாடிப்படியில் உட்கார்ந்தாய் என்றால் நான் நடுரோட்டில் நின்றேன். கஷ்டப்பட்டு மேலே வந்தவள் நீ ஒருத்திதான் என்று நினைப்பு உனக்கு.

சரி, உன் போர்டுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயின்ட் இருந்தது. அத்தான் பிளைவுட் அறுத்துக் கொடுத்தார். ஸ்கூல் வாசலுக்கு மேலே, உன் சிரிப்புக்காரிக்கு நேர் எதிரே, என் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறேன்.

'அழுதாவது கற்றுக்கொள்ளுங்கள்.'

மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கினேன், போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உனக்கு ஒரு மாடி ஆபீஸும் அத்தனை ஆட்களும் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பிரஷ் போதுமாக இருந்தது.

பெரியவள்

&nbsp;

மார்ச் 22

அக்கா,

உன் பலகை என் ஆபீஸ்வரை வந்துவிட்டது. பஸ்ஸில் போன யாரோ இரண்டு போர்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டுவிட, அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிசைனர் பெண் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். ஆபீஸே கைதட்டியது. "இவங்களுக்கு ஏஜென்சி யாரு மேடம்? நம்மளத் தூக்கிச் சாப்பிட்டுட்டாங்க" என்றான் ஒருத்தன். "ஏஜென்சி இல்ல, எங்க அக்கா" என்றேன். கைதட்டல் பாதியில் நின்றது. எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்ததா, வயிறு எரிந்ததா என்று கேட்காதே. இரண்டும்தான்.

ஆனால் தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைச் சுவரோரம் நசுக்கி வைத்திருக்கிறாய். போன் நம்பர் எங்கே? இத்தனை ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்கே கூப்பிடுவது என்று தெரியாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். என் ஆட்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு அவர்கள் அழுதிருப்பார்கள். ஆமாம், நானும் திட்டுவேன். ரத்தம் ஒன்றுதானே.

பச்சைக் கார் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். "எதிர்க்கடை உங்க சிஸ்டராமே மேடம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இல்ல... விட்டுக் கொடுத்துட மாட்டீங்களே?"

யாரைப் பார்த்து என்ன கேள்வி! எனக்குக் காது சூடாகிவிட்டது. என் வேலையில் அக்கா தங்கை கிடையாது என்று அவரிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து புது விளம்பரம் வருகிறது. வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய், கற்றுக்கொடுத்து, வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். முதல் வாரம் இலவசம். உன் ஊரில் கார் வாங்க யோசிக்கிற ஆள் யாராக இருந்தாலும் காலை காபியோடு அது அவர் போனில் வந்து நிற்கும். உன் பிரஷ் அங்கே எட்டாது.

ஒரு கை பார்த்துவிடலாம் அக்கா.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 2

சின்னவளே,

பார்த்துவிட்டாய் ஒரு கை.

சாயங்கால வகுப்புக்கு ஆளே இல்லை. ஸ்கூல் வண்டிகளில் அந்தச் சிவப்புக் காருக்கு உறை போட்டு ஓரமாக நிறுத்தியாயிற்று. என்னிடம் கற்று, என்னிடமே உதவி டீச்சராக இருந்த பெண் எதிரே வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது அழுதாள். "அங்கே போய் யாரையும் அழவைக்காதடி, உன் வேலை போயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அவள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறாள். என்னைப் பார்த்தால் காருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த ஸ்கூலைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இது போய்விட்டால் நான் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்றே தெரியவில்லை. ஆனாலும் மூட மாட்டேன். ஒரே ஒரு ஆள் வந்தாலும் அந்த ஒரு ஆளுக்கு ஷட்டரைத் தூக்குவேன். நீ இலவசம் கொடுத்தாய், வாசலுக்கு வண்டி அனுப்பினாய், அதெல்லாம் நேருக்கு நேர் நின்று போடுகிற சண்டை. என்னால் தாங்க முடிந்தது.

இந்த வாரம் நடப்பது வேறு. என் ஸ்கூல் பெயருக்குக் கீழே வரிசையாகப் புதுசு புதுசாக எழுதுகிறார்கள். நான் ஒருத்தனைக் கன்னத்தில் அறைந்தேனாம். பிரேக் பிடிக்காத வண்டியைக் கொடுத்தேனாம். அத்தான் குடித்துவிட்டு வண்டியில் ஏறினாராம். டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தாலே தலை சுற்றுகிறது என்கிற மனுஷன்! ஒரு பெண்ணின் அப்பா நேரில் வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் நினைத்தால் ஸ்கூலின் அனுமதியையே எடுத்துவிடலாம்.

இதையும் நீதான் செய்தாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. உன் பிரசங்கம் எனக்கு வேண்டாம்.

பெரியவள்

&nbsp;

ஏப்ரல் 6

இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தையை மேலே எழுதிவிட்டேன். இனிமேல் வருவது பிரசங்கம். நீ படித்துத்தான் ஆக வேண்டும், காகிதத்தில் நீயும் குறுக்கே பேச முடியாது.

உன் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் ஸ்கூலைக் காலி செய்யப் பார்ப்பேன், ஒத்துக்கொள்கிறேன். அத்தான் குடிப்பார் என்று எழுதுவேனா அக்கா? என்னை நீ அப்படியா நினைத்தாய்? அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை.

அப்புறம் உட்கார்ந்து அந்த ரிவ்யூக்களைப் படித்தேன். புகார் படிப்பதுதானே என் தொழில். உண்மையான புகாரில் மழை இருக்கும், சிக்னல் இருக்கும், கிளட்ச் இருக்கும், பாதிக் கோபமும் பாதிப் பாசமும் இருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லை. எழுதியவனின் பெயரை அமுக்கினால் அவன் இதுவரை எழுதியதெல்லாம் வரும். அமுக்கினேன். ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஐந்து ஊரில் கார் ஓட்டக் கற்று, ஐந்து ஊரிலும் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறான். என்ன பாவப்பட்ட கன்னமோ! ஐந்தும் பச்சைக் கார் புதிதாகக் கிளை திறந்த ஊர்கள். விசாரணைக்குப் போகும்போது இதை அதிகாரி முன்னாலேயே செய்து காட்டு. எழுதியவனின் பெயரை அமுக்கினால் போதும், அத்தானுக்கே செய்ய வரும்.

நேராக மேனேஜரிடம் போனேன்.

"அது உங்க டிபார்ட்மென்ட் இல்ல மேடம். அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"பொய்னு தெரிஞ்சே பண்றீங்களா?"

"எல்லாரும் பண்றதுதானே. நீங்களும்தான் அவங்க அழ வைக்கிறாங்கன்னு போட்டீங்க."

"அவ அழ வைப்பா. அது உண்மை. அவ அடிக்க மாட்டா."

என்னவோ புரியாத பாஷையைக் கேட்ட மாதிரி பார்த்தார். என்னையும் அந்த ஆட்களையும் ஒரே தட்டில் வைக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பச்சைக் கார்தான் என் பெரிய வாடிக்கையாளர். அது போனால் இந்த ஆபீஸ் நிற்காது. ஆனாலும் வெளியே வரப்போகிறேன்.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 11

சின்னவளே,

நீ இல்லை என்று எழுதினாய், நம்பிவிட்டேன். உன்னைப் பிடிக்கவில்லை என்றாலும் நம்புவேன்.

விசாரணைக்குப் போனோம். ரிவ்யூ எழுதியவனின் பெயரை அமுக்கச் சொல்லி அத்தான் அதிகாரியிடம் போனை நீட்டினார். அவர் ஒன்று அமுக்கினார், இரண்டு அமுக்கினார், அப்புறம் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். "போயிட்டு வாங்கம்மா, ஸ்கூல நடத்துங்க" என்றார். அனுமதிக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்தப் பொய்களை அங்கிருந்து எடுப்பது அவர் கையில் இல்லையாம். படித்துவிட்டு ஓடியவர்கள் ஓடியவர்கள்தான். சிவப்புக் கார் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். வெளியே வருகிறேன் என்றாயே, வராதே. எனக்காக நீ ஒரு துரும்பைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தங்கை பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்ததால் பெரியவள் பிழைத்தாள் என்று நாளைக்கு ஒருத்தர் சொன்னாலும் அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிடுவேன். நான் தோற்றாலும் என் தோல்வி என்னுடையதாக இருக்கட்டும். உன் ஆபீஸில் வேலை செய்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? நம் சண்டையில் அவர்கள் ஏன் தெருவுக்கு வர வேண்டும்?

பொய் எழுதுகிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் வழக்கமான விஷத்தை மட்டும் அனுப்பு, அது எனக்குப் பழகிவிட்டது.

பெரியவள்

&nbsp;

ஏப்ரல் 20

அக்கா,

வந்துவிட்டேன். வராதே என்று நீ சொன்னாய் என்பதற்காக வராமல் இருந்தால் நான் உன் தங்கையா?

ஆனால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், அத்தானை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல். உனக்காக இல்லை. நான் பச்சைக் காருக்கு எழுதிய வரி உண்மை. அதனால்தான் உனக்கு அப்படி வலித்தது. உன்னை நான் அடித்தேன், உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தேன். நாளைக்கும் அடிப்பேன். ஆனால் நான் மேடை போட்டுக் கூட்டம் சேர்த்து வைக்க, எவனோ ஒருத்தன் ஏறி நின்று பொய் பேசுவதற்கு என் தொழில் என்ன வாடகை மைக்கா? மாடிப்படியில் உட்கார்ந்து நான் கற்ற வேலை இது. இதில் அழுக்குப் பட்டால் எனக்கு வேறு சட்டை கிடையாது.

அவர்கள் ஆபீஸ் மீட்டிங்கில் முதலாளி முன்னாலேயே சொன்னேன். பொய் ரிவ்யூவை எல்லாம் எடுக்கச் சொல்லுங்கள், இருக்கிறேன். இல்லையென்றால் கிளம்புகிறேன் என்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜர்தான் பேசினார். "குடும்ப விஷயத்தை பிசினஸ்ல கலக்காதீங்க மேடம்." நான் கலக்கியிருந்தால் உன் ஸ்கூலுக்கு எதிரே அந்தப் போர்டே வந்திருக்காது என்றேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு குண்டூசிகூடப் பாக்கி வைக்காமல் வெளியே வந்தேன்.

மரச்சாமான் ஷோரூமுக்கு மேலே இருந்த ஆபீஸைக் காலி செய்துவிட்டோம். இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள், நானே பேசிச் சேர்த்துவிட்டேன். மற்றவர்கள் போக மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். டிசைனர் பெண் துணி காயப்போடுகிற பால்கனியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். மீட்டிங் நடக்கும்போது குக்கர் விசில் அடிக்கிறது. வாடிக்கையாளர்களில் ஒரு பேக்கரியும் ஒரு பல் டாக்டரும் என்னை விட்டுப் போகவில்லை. மறுபடியும் சின்னதாக ஆரம்பிக்கிறேன். பயமா என்றால் பயம்தான். ஆனால் இந்த முறை தொழில் தெரிந்து ஆரம்பிக்கிறேன்.

அந்தப் பொய்களுக்கு நீ பதில் எழுதாமல் இருக்காதே. அழிக்க முடியாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே நீ பேசலாம். வேண்டுமானால் எழுதித் தருகிறேன். வேண்டாம் என்பாய், தெரியும். சொல்லி வைத்தேன்.

தங்கை

&nbsp;

மே 3

சின்னவளே,

வேண்டாம். நானே எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு பொய்க்குக் கீழேயும் அத்தான் டைப் அடிக்க அடிக்க நான் சொன்னேன். 'நான் யாரையும் அடித்ததில்லை. எல்லோரையும் திட்டியிருக்கிறேன். நம்பிக்கை இல்லாதவர்கள் என் காரின் பின்சீட்டில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.' அவ்வளவுதான். போன் நம்பரும் போட்டேன், ஏன் என்று கேட்காதே.

முதலில் ஒரு ஆசாமி வந்து உட்கார்ந்தார். மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாரே, அவரேதான். ஒரு வளைவில் நான் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பின்னால் அவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். இறங்கும்போது, "நாளையிலேர்ந்து பொண்ண அனுப்புறேன்மா" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பழைய ஆட்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி எழுதியிருக்கிறாள், 'அழுதேன். இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன்.' அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்கூல் நிரம்பி வழிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சிவப்புக் கார் உறையை எடுத்தாயிற்று, அது ஓடுகிறது. எதிரே அவனும் இருக்கிறான், இருக்கட்டும்.

போன வாரம் எதிரே உன் போர்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள். வேறு கம்பெனி போலிருக்கிறது. அதே சிரிப்புக்காரிதான், பல் மட்டும் இன்னும் வெளுத்திருக்கிறது. கீழே, 'தரம். நம்பிக்கை. பயணம்.' டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்கு என்ன சொல்கிறது அது? சோப்புக்குப் போட்டாலும் பொருந்தும், செருப்புக்குப் போட்டாலும் பொருந்தும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உன் வரி இருந்தபோது ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்திப் படித்தான், எனக்கு ராத்தூக்கம் போனது, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். இதை எதிரே நிற்கிற நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ செய்வது வேலை. எல்லோருக்கும் வராத வேலை.

அதனால் ஒன்று சொல்கிறேன், தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே. என் ஸ்கூலுக்கு விளம்பரம் செய்ய ஆள் வேண்டும். நான் விசாரித்தேன். இங்கேயே இரண்டு பேர் வந்து பேசினார்கள், இரண்டு பேரும் நம்பிக்கை, தரம் என்றே ஆரம்பித்தார்கள். வாசலோடு அனுப்பிவிட்டேன். உன்னைவிட நல்ல ஆள் கிடைத்திருந்தால் அவளிடம்தான் போயிருப்பேன். கிடைக்கவில்லை. உன் ஆபீஸ் போனதற்காகப் பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாயானால் வரவே வராதே. மற்ற வாடிக்கையாளர்களிடம் வாங்குவதை என்னிடமும் வாங்கிக்கொள். மற்றவர்களை நடத்துகிற மாதிரியே என்னையும் நடத்து. நான் மட்டும் உன்னைத் திட்டுவேன், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியது உன் தலையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. மேஜை, பால்கனி, டிசைனர் பெண், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வா. சமாதானம் பேச வருவதாக இருந்தால் பஸ் ஏறாதே. என் கோபம் இன்னும் தீரவில்லை. நீயும் கோபமாகவே வா.

அன்புள்ள
அக்கா